சிலிண்டர் இல்லாத செடித் தொட்டி: எந்த லைட், எந்த உரம்?

மீன் தொட்டியில் செடி வளர்க்க வேண்டும், ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு மிச்சம் இருப்பவை இரண்டு கேள்விகள். எந்த லைட்? எந்த உரம்? பெரும்பாலானோர் இந்த இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கடையில் முடிவு செய்கிறார்கள். தொட்டி வாங்கும் அன்றே பளிச்சென்று எரிகிற ஒரு லைட்டையும் கையோடு எடுத்து வருவார்கள். இரண்டு மாதம் கழித்து இலை மஞ்சளானதும் ஆன்லைனில் ஓர் உர பாட்டில் வரும். லைட்டுக்குக் காசு கொடுத்த அன்றே உரத்துக்கான விடையும் பாதி முடிவாகிவிட்டது என்பது பலருக்குப் பிறகுதான் உறைக்கிறது. வெளிச்சம் கூடினால் செடியின் பசியும் கூடும். ஆகவே முதலில் லைட், அதற்கேற்ப உரம். வரிசையை மாற்றினால் பாசியோடுதான் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். சென்னை கொளத்தூரில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிற ரெண்டடித் தொட்டி. கணக்குப்படி 56 லிட்டர். அடியில் போடும் கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 45 லிட்டர். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 45 லிட்டருக்குத்தான். உங்கள் தொட்டி பெரியது என்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு உச்சவரம்பு ஏன்?

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் சொச்சம்தான். மீன்களும் மக்கைச் சிதைக்கிற பாக்டீரியாவும் விடும் மூச்சு சேர்ந்தால் அது 2, 3 மில்லிகிராம் வரை ஏறலாம். சிலிண்டர் வைத்தவர்கள் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள். பத்து மடங்கு வித்தியாசம். நம் தொட்டியில் வளர்ச்சியின் வேகத்தை முதலில் தடுத்து நிறுத்துவது இந்தக் கார்பன் பற்றாக்குறைதான். அந்த வேகத்துக்கு மேல் கொட்டுகிற வெளிச்சத்தைச் செடியால் உபயோகிக்க முடியாது. இலை மேலும் கண்ணாடியிலும் ஒட்டும் பாசி மிகக் குறைந்த கார்பனிலும் பிழைத்துக்கொள்ளும். மிச்ச வெளிச்சம் முழுக்க அதன் கைக்குப் போகும்.

செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவைப் பார் (PAR) என்பார்கள். சிலிண்டர் இல்லாத தொட்டியை லோ-டெக் என்பார்கள்; அதன் தரையில் 15 முதல் 30 பார் விழுந்தால் போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கல்லில் படரும் மாஸ் (moss) வகைகள் 15-லேயே திருப்தி அடையும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி, வாலிஸ்நீரியா, நம் ஊர் நீர்ப்பிரம்மி, வாட்டர் விஸ்டீரியா போன்றவை 25, 30 இருந்தால் நன்றாக வரும். 40-ஐத் தாண்டினால் சிலிண்டர் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

பார் மீட்டர் வாங்குவதற்கு ஆகும் காசில் இன்னும் இரண்டு தொட்டியே வைத்துவிடலாம். அதற்கு மாற்று வழி இருக்கிறது. தண்ணீர் விடுவதற்கு முன் காலித் தொட்டியின் தரையில் கைபேசியை வைத்து, லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, மேலே லைட்டை எரியவிடுங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 67-ஆல் வகுத்தால் ஏறத்தாழ பார் வரும். 1000 லக்ஸ் என்றால் 15, 2000 லக்ஸ் என்றால் 30. கைபேசிக்குக் கைபேசி அளவு மாறும் என்றாலும் 1500-ஐயும் 8000-ஐயும் எந்தக் கைபேசியும் குழப்பிக்கொள்ளாது. நடுவில் ஒரு முறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை என்று அளந்து எழுதி வையுங்கள். நடுவுக்கும் மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் அனுபியாஸ் எங்கே, விஸ்டீரியா எங்கே என்பதும் தானாக முடிவாகிவிடும்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் மட்டுமே கையில் இருந்தால் லிட்டருக்கு 15 முதல் 25 லூமென் என்று கணக்கு வையுங்கள். நம் தொட்டிக்கு 700 முதல் 1100. கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய விதி ஃப்ளோரசன்ட் குழல் விளக்குக் காலத்தது. எல்இடி விஷயத்தில் அதை மறந்துவிடலாம்.

லைட்: எது எடுபடும், எது எடுபடாது

மின்சாமான் கடையில் கிடைக்கும் ரெண்டடி எல்இடி பேட்டன் (குழல் விளக்கு போல் நீளமானது), 10 வாட், 6500 கெல்வின் (பகல் வெளிச்ச வெள்ளை). இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. கிட்டத்தட்ட 1000 லூமென் கொடுக்கும். தொட்டியின் நீளம் முழுக்கச் சமமாகப் பரவும், மூலைகள் இருட்டாகாது. கண்ணாடி மூடி மேல் அப்படியே வைத்தால் தரையில் 20 முதல் 30 பார். தினம் எட்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு இரண்டரை யூனிட்கூட ஆகாது. அதன் ஒரே பலவீனம் ஈரம். பேட்டன் வீட்டுச் சுவருக்காகச் செய்தது. மூடி இல்லாத தொட்டி மேல் நேரடியாக வைத்தால் ஆவி உள்ளே போய் ஆறு மாதத்தில் துருப் பிடிக்கும், சில சமயம் ஷாக்கும் அடிக்கும். கண்ணாடி மூடி அவசியம். வயரை நேராகச் சுவர் பிளக்குக்கு இழுக்காமல் பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃப்ளட் லைட். வெளிச்சுவரில் மாட்டுகிற, தண்ணீர் புகாத ரகம். விலை குறைவு, ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம், கெட்டுப்போவதும் அபூர்வம். அதனால்தான் நம் ஊர் செடித் தொட்டிக்காரர்கள் பலர் இதற்கு மாறியிருக்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 20 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தானே என்று பெரியதை எடுத்து வருவதில். 30 வாட் ஃப்ளட்டை மூடி மேலேயே உட்கார வைத்தால் நடுத்தரையில் 150 பார் விழும். அது சிலிண்டர் தொட்டிக்கே அதிகம். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே ஃப்ளட் வாங்கினால் தொங்கவிடும் வசதியையும் சேர்த்தே யோசியுங்கள். நம் தொட்டிக்கு 20 வாட், நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில். நடுவில் 28 பார் வாக்கில் வரும். 10 வாட் என்றால் 5 செ.மீ. உயரத்திலேயே வைக்கலாம், ஆனால் மூலைகளுக்கு நடுவில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மேடான கற்களும் அனுபியாஸும் நிறைந்த தொட்டி என்றால் அந்த இருட்டு மூலைகள் அழகுதான். முன்புறம் முழுக்கக் குட்டைச் செடிப் பாய் விரிக்க நினைப்பவருக்கு அது ஒத்துவராது. அந்தப் பாய் லோ-டெக்கில் வருவதே பெரும்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செடிகளுக்கென்றே வரும் சிவப்பு-பச்சை-நீல எல்இடி லைட்டுகள் அழகானவை, விலை ஆயிரங்களில். இலையின் பச்சையும் மீனின் சிவப்பும் வேறெந்த லைட்டிலும் இப்படித் துலங்காது. வளர்ச்சியைக் கேட்டால், அதே பார் அளவில் பேட்டனை விடப் பெரிதாக ஒன்றும் தராது. சிலிண்டர் தொட்டிக்காகச் செய்தவை என்பதால் முழு வெளிச்சத்தில் ஓட்டவே கூடாது. மங்கலாக்கும் வசதி இருந்தால் 30 சதவீதத்தில் தொடங்குங்கள். கண்ணுக்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் வருத்தம் வராது.

தொட்டியோடு இலவசமாகத் தரும் நீல-வெள்ளை கிளிப் லைட்டில் அனுபியாஸ் பிழைக்கும், அவ்வளவுதான். 9 வாட் பல்பை ஹோல்டரில் போடுவது என்றால் மேலே ஒரு அலுமினியக் கூம்பு வேண்டும், இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் அறைக்குப் போய்விடும். ஜன்னல் வெயில் வேண்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் சென்னையில் தொட்டித் தண்ணீர் 30, 31 டிகிரியில் நிற்கும்போது மேலே வெயிலும் பட்டால் மூன்றே நாளில் தண்ணீர் பச்சை ரசமாகிவிடும்.

நேரக் கணக்கும் வெளிச்சத்தில் சேர்த்திதான். புதுத் தொட்டிக்கு முதல் ஆறு வாரம் தினம் 6 மணி நேரம். புது இலைகள் வரத் தொடங்கி, கண்ணாடியில் பழுப்புப் பாசி அடங்கிய பிறகு வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 8-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் 4 மணி நேரம், நடுவில் 3 மணி நேரம் இருட்டு, மறுபடி 4 மணி நேரம் என்று பிரிக்கும் முறையும் உண்டு. இப்படி நடுவில் இருட்டு விடும் யோசனை, மண் தொட்டிகளைப் பிரபலமாக்கிய அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் பரிந்துரைத்தது. இருட்டு இடைவேளையில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு மீண்டும் கொஞ்சம் ஏறும் என்பதே காரணம். ஆபீஸ் விட்டு வந்து மாலையில் தொட்டியைப் பார்க்க ஆசைப்படுபவருக்கும் இது வசதி.

கையால் போட்டு அணைப்பது ஒரு வாரம் நடக்கும், அதற்கு மேல் நடக்காது. டைமர் வாங்குங்கள். முள் திருகுகிற மெக்கானிக்கல் டைமர் மின்வெட்டில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் அன்றிலிருந்து எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அடிக்கடி கரண்ட் போகிற பகுதி என்றால் உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரே நிம்மதி.

மீன் தீனியே பாதி உரம்

உரம் வாங்குவதற்கு முன் தொட்டிக்குள் ஏற்கெனவே என்ன போகிறது என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்களுக்குத் தினம் 0.2 கிராம் தீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 42 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 13 மில்லிகிராம் நைட்ரஜன் தினமும் உள்ளே போகிறது. அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் 45 லிட்டரில் ஒரு நாளைக்கு 1.3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), வாரத்துக்கு 9. மீனின் உடம்பில் சேர்வதும் ஃபில்டரில் தங்குவதும் போக 5, 6 பிபிஎம் நிச்சயம் மிஞ்சும். குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வளரும் செடிகளுக்கு இதுவே ஒரு வாரச் சாப்பாடு. பாஸ்பேட்டும் இதே போலத் தேவைக்கு வந்துவிடும்.

வராதது பொட்டாசியம். தீனியில் அது ஒரு சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் வாரத்துக்கு 0.3 பிபிஎம்தான் தேறும். செடிக்கு அதைப் போல் பத்து மடங்கு வேண்டும். இரும்பும் அப்படியே: தீனியில் இருப்பது செடிக்கு எட்டும் வடிவத்தில் தண்ணீரில் நிற்பதில்லை. ஆகவே மீன் நிறைந்த தொட்டிக்கு வேண்டியது பொட்டாசியமும், இரும்பு முதலான நுண்சத்தும். மீன் குறைவான, அல்லது இறால் மட்டுமே உள்ள தொட்டிக்கு நைட்ரேட், பாஸ்பேட்டும் சேர்த்து வேண்டும். எந்த உரம் வாங்குவது என்ற முடிவு இந்த இடத்தில்தான் பிரிகிறது.

இன்னொன்று, வீட்டுக்கு வரும் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் சில பகுதிகளில் ஏற்கெனவே நைட்ரேட் இருக்கும். தொட்டியை அளப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரை ஒரு முறை அளந்துவிடுங்கள். ஏபிஐ நைட்ரேட் கிட் என்றால் இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும், பிறகு 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் இருப்பதைவிடக் குறைவாக, சில சமயம் பூஜ்யமாகவே காட்டும். அதை நம்பி உரம் ஊற்றியவர்கள் ஏராளம். தொட்டியில் 10 முதல் 20 பிபிஎம் நைட்ரேட் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

பாட்டில் உரமா, உரக்கடைப் பொடியா?

பாட்டிலின் பலம் வசதி. மூடி அளவில் ஊற்றினால் முடிந்தது. ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. டிராபிகா நிறுவனத்தின் ப்ரீமியம் உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை. ஸ்பெஷலைஸ்டு உரத்தில் இரண்டும் உண்டு. முன்னது மீன் நிறைந்த தொட்டிக்கு, பின்னது மீன் குறைந்த தொட்டிக்கு. சீகெம் ஃப்ளரிஷ் பெயரளவில் முழு உரம் போலத் தோன்றினாலும் அதில் நைட்ரஜன் 0.07 சதவீதம்தான், அதை நுண்சத்து பாட்டிலாகவே பாவிக்க வேண்டும். அதன் அளவு 250 லிட்டருக்கு 5 மி.லி., அதாவது நம் தொட்டிக்கு 1 மி.லி.கூட இல்லை. மூடியால் அளக்காமல் ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து விடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவு நடுத்தர வேகத் தொட்டிகளை மனதில் வைத்தது. லோ-டெக்கில் அதில் பாதியில் தொடங்கி, செடி கேட்டால் கூட்டுவதே சரி.

இதே வரிசையில் விற்கும் திரவ கார்பன் என்பது உரமே அல்ல. குளூட்டரால்டிஹைடு வகை வேதிப்பொருள். பாசியை அடக்குவது அதன் உண்மையான வேலை. வாலிஸ்நீரியா வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரே வாரத்தில் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டி வைத்திருப்பவருக்கும் கணக்குப் போடச் சோம்பல் படாதவருக்கும் உரக்கடைப் பொடிதான் லாபம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும், நீரில் முழுவதும் கரையும் உரங்களே இவை. கடையில் பெயர் சொல்ல வேண்டாம், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைக் காட்டும் எண்களைச் சொன்னால் போதும். 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 பொட்டாசியம் சல்பேட். கடைக்காரர் 19-19-19 எடுத்து நீட்டி எல்லாம் இதிலேயே இருக்கிறது என்பார். வாங்காதீர்கள். அதில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். நம் போர்வெல் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும்போது அம்மோனியம் அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். மீன் தப்பினாலும் தண்ணீர் பச்சையாகும்.

மீன் குறைந்த தொட்டிக்கு இப்படிக் கலக்கலாம். காய்ச்சி ஆறவைத்த ஆர்ஓ தண்ணீர் 250 மி.லி. அதில் 13-0-45 பத்து கிராம், 0-52-34 0.8 கிராம். நகைத் தராசு போல 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். டீஸ்பூன் கணக்கு பாஸ்பேட்டுக்குச் சரிப்படாது. வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றிய பிறகு 10 மி.லி. விட்டால் 45 லிட்டரில் நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.5, பொட்டாசியம் 3.5 ஏறும். பாட்டில் 25 வாரம் வரும். மீன் நிறைந்த தொட்டிக்கு இந்த இரண்டுக்கும் பதிலாக 0-0-50 மட்டும், 250 மி.லி.க்கு 9.5 கிராம். அதே 10 மி.லி.யில் பொட்டாசியம் மட்டும் 3.5 பிபிஎம் ஏறும். சல்பேட் சோம்பலாகத்தான் கரையும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் போதும்.

நுண்சத்துக்குத் தனி பாட்டில். பாஸ்பேட்டும் இரும்பும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் அடியில் வெளிர் மண்டி கட்டும். அது இரும்பு பாஸ்பேட், செடிக்குப் போகாத கழிவு. தொட்டியிலும் இரண்டையும் ஒரே நாளில் விடாமல் ஒன்றை ஞாயிறு, மற்றதைப் புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இரும்பு தண்ணீரில் கரைந்து நிற்க அதை ஒரு சேர்மம் பிடித்து வைத்திருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது ஈடிடிஏ என்ற சேர்மம் பிடித்த இரும்பு. பிஎச் 7 வரைதான் அது தாங்கும். 8 உள்ள தண்ணீரில் சீக்கிரமே பிரிந்து துருவாகப் படிந்துவிடும். பாட்டிலை எவ்வளவு ஊற்றினாலும் புது இலை வெளிறித்தான் வரும். டிடிபிஏ ஏழரை வரை தாங்கும். அதற்கும் மேல் என்றால் ஈடிடிஎச்ஏ. இது 6 சதவீத இரும்போடு செம்பழுப்புக் குருணையாகக் கிடைக்கும். வாரத்துக்கு 0.1 பிபிஎம் இரும்பு வர 250 மி.லி. தண்ணீரில் 1.9 கிராம் கரைத்து, 10 மி.லி. விட வேண்டும். தண்ணீரில் லேசான இளஞ்சிவப்புச் சாயல் தெரியலாம், கேடு இல்லை. மற்ற நுண்சத்துகளுக்குக் கலவைப் பொடி வாங்கும்போது பாக்கெட்டில் செம்பின் அளவைப் பாருங்கள். இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செம்பு இருந்தால் இறால் உள்ள தொட்டிக்கு வேண்டாம். பயிருக்கு மண்ணில் தூவ விற்கும் சல்பேட் வகை நுண்ணூட்டக் கலவை எந்தத் தொட்டிக்கும் ஆகாது. நுண்சத்து பாட்டிலை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் சேர்மம் சிதையும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளிலும், ஆர்ஓ தண்ணீர் மட்டுமே விடும் வீடுகளிலும் நேரெதிர்ப் பிரச்சினை. இரும்பு நிற்கும், மெக்னீசியமும் கால்சியமும் இருக்காது. 2.3 கிராம் மெக்னீசியம் சல்பேட் 45 லிட்டரில் 5 பிபிஎம் மெக்னீசியம் தரும். ஆர்ஓ பயன்படுத்துபவர்கள் அதற்குப் பதில் நாலில் ஒரு பங்கு போர்வெல் தண்ணீரைக் கலந்தாலே இரண்டும் வந்துவிடும்.

வேருக்கு: மாத்திரையா, மண்ணா?

கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வோர்ட், வாலிஸ்நீரியா ஆகியவை வேரால் சாப்பிடும் செடிகள். வெறும் ஜல்லியில் நட்டுவிட்டு மேலே உரம் ஊற்றினால் உயிரோடு இருக்கும், தழைக்காது. இவற்றுக்கு ரூட் டேப் எனப்படும் வேர் மாத்திரை. செடிக்கு அருகே 10, 15 செ.மீ. இடைவெளியில், ஜல்லியின் அடிவரை இடுக்கியால் அழுத்தி வைக்க வேண்டும். நம் தொட்டிக்கு ஆறு முதல் எட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மெல்ல மெல்ல உரம் விடும் ஓஸ்மோகோட் குருணையைக் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்து வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. கேப்ஸ்யூலில் காற்று இருந்தால் மறுநாளே மேலே மிதக்கும். குண்டூசியால் ஒரு துளை போட்டு அழுத்துங்கள். அந்தக் குருணை உரத்தை வெளிவிடும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. உறையில் போட்டிருக்கும் மாதக் கணக்கு 21 டிகிரிக்கு. 29 டிகிரித் தண்ணீரில் அதைவிடச் சீக்கிரம் தீரும். உள்ளே அம்மோனியம் இருப்பதால் கேப்ஸ்யூல் வைத்த இடத்தில் செடியைப் பிடுங்கி நடுவது ஆபத்து.

அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் மாத்திரை வீண். அவற்றின் தண்டைக் கல்லில் கட்டிவிட வேண்டும், மண்ணில் புதைத்தால் அழுகும்.

மண் அடுக்கு வேறு ரகத் தீர்வு. 2.5 செ.மீ. மண், அதன் மேல் 2, 3 மில்லிமீட்டர் ஜல்லி 2.5 செ.மீ. நம் தொட்டிக்கு ஐந்து லிட்டர் மண் போதும். மற்ற எந்த உரமும் தராத ஒன்றை மண் தருகிறது: மக்கு சிதையும்போது கார்பன் டை ஆக்ஸைடு. அதனால் மண் தொட்டி முதல் சில மாதங்கள் 35, 40 பார் வரைகூடத் தாங்கும். செம்மண் நல்லது, இரும்பு நிறைய உண்டு. நாலு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் போதும். அதற்கு மேல் போனால் அம்மோனியா தாங்காது. கரிசல் மண் வேண்டாம், ஊறி உப்பி ஜல்லியைத் தூக்கிவிடும், காற்றும் உள்ளே போகாது. பச்சைச் சாணமும் மக்காத எருவும் கூடவே கூடாது. கலவையை நனைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து என்று மூன்று நான்கு முறை செய்துவிட்டுப் போட்டால் முதல் மாத அம்மோனியா பாதியாகக் குறையும்.

அப்படியும் நான்கு முதல் ஆறு வாரம் மீன் விடக் கூடாது. வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். ஜல்லியைக் குத்தும்போது வரும் குமிழியில் கூமுட்டை நாற்றம் அடித்தால் மண் அடைத்துப்போயிருக்கிறது; ஒரு மூங்கில் குச்சியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். செடியை அடிக்கடி இடம் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு மண் தொட்டி ஒத்துவராது. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் சேறு மேலே வரும். வாடகை வீட்டில் இருப்பவரும் யோசிக்க வேண்டும்: மண் தொட்டியை அலுங்காமல் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. கடைகளில் ‘அக்வா சாயில்’ என்று விற்கும் தொட்டி மண் இந்தச் சேறு தொல்லை இல்லாதது. ஆனால் கார்பனேட் நிறைந்த போர்வெல் தண்ணீரில் அதன் பிஎச் குறைக்கும் திறன் சில மாதத்திலேயே தீர்ந்துவிடும். அந்தக் காசுக்கு அது இங்கே நியாயம் செய்வதில்லை.

செடி சொல்வதைப் படிப்பது

மேலே மிதக்கும் செடி ஒன்று, சால்வீனியாவோ சின்ன ஆகாயத்தாமரையோ, எப்போதும் ஒரு கைப்பிடி வைத்திருங்கள். அது கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கிறது, வெளிச்சமும் அதற்குத்தான் முதலில். ஆகவே மிதக்கும் செடியே மஞ்சளானால் குறை உரத்தில்தான். மிதக்கும் செடி பச்சைப் பசேலென்று பெருகும்போது அடியில் உள்ளவை மட்டும் தேங்கினால் உரத்தைத் தொடாதீர்கள். கார்பனோ வெளிச்சமோ வேர்ப் பகுதியோ காரணம். பெரும்பாலும் மிதக்கும் செடியே பரப்பை மூடியிருக்கும், அதில் பாதியை வாரி எறியுங்கள்.

பழைய இலையில் குண்டூசித் துளைகள் விழுந்து, ஓரம் மஞ்சளாகிப் பெரிதானால் பொட்டாசியம். பழைய இலை முழுதாக வெளிறி உதிர்ந்தால் நைட்ரஜன். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. அனுபியாஸ் இலையிலும் கண்ணாடியிலும் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் என்றால் வெளிச்சம் கூடுதல், அல்லது பாஸ்பேட் குறைவு. முதலில் ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். வழவழப்பான நீலப்பச்சைப் படலம், உரித்தால் தோல் போல் வருவது, நைட்ரேட் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டியில் அதிகம் வரும். கறுப்புத் தாடிப் பாசிக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கான ஃபில்டரும் அழுகிய இலைகளும். எந்த மாற்றம் செய்தாலும் பழைய இலை திருந்தாது. அடுத்து விரியும் இரண்டு இலைகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும், அதற்கு லோ-டெக்கில் மூன்று வாரம் ஆகும். அதற்குள் இன்னொரு பாட்டில் வாங்காமல் இருப்பது கஷ்டமான காரியம்.

யாருக்கு எது

அனுபியாஸ், ஃபெர்ன், மாஸ் மட்டும் வைத்து நிறைய மீன் வளர்க்க நினைப்பவர்: 10 வாட் பேட்டன், 7 மணி நேரம், பொட்டாசியமும் இரும்பும் மட்டும். தண்டுச் செடிகளும் கிரிப்டோகோரைனும் கலந்த, மிதமான மீன் உள்ள தொட்டி: பேட்டனோ உயரத்தில் தொங்கும் 20 வாட் ஃப்ளட்டோ, வேர் மாத்திரை, நைட்ரேட் அளந்து பார்த்துப் பொடிக் கலவை. இறால் தொட்டி: மெல்லிய வெளிச்சம், நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள பாட்டில் உரம் பாதி அளவு, செம்பில் கவனம். சொந்த வீடு, பொறுமை, காடு போல் அடர்ந்த தொட்டி வேண்டும் என்ற ஆசை மூன்றும் இருந்தால் செம்மண் அடுக்கு. முதல் ஒரு வருடம் உரமே வேண்டியிராது, பிறகு வேர் மாத்திரை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் வீடு பூட்டியிருக்கும் என்றால் டைமரை 5 மணி நேரத்துக்கு இறக்கிவிட்டு, போகும் நாளில் கால் பங்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். அந்த வாரத்துக்கு உரம் வேண்டாம். வளர்ந்த மீன்கள் ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வம்பு.